ஆறாம் நம்பர் அடுப்பு

நோயாஹாட்டி அரிசி ஆலைக் களத்தில் குல்நாஹாரைவிடக் கைவேகம் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவளைவிடச் சந்தேகம் உள்ளவர் ஒருவரும் இல்லை. புட்டி மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அந்தச் சிவப்பும் சாயமாக இருக்குமோ என்று தண்ணீர் விட்டுத் தேய்த்தும் பார்ப்பாள். பிறை தெரிந்துவிட்டது, நாளை ஈத் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னதும் மற்றவர்கள் சேமியா கிளற ஓடுவார்கள். இவள் மட்டும் வெளியே வந்து மேற்கு வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

"அல்லா சொன்னதையே சரிபார்க்கிற ஒரே பொம்பளை எங்க மினு மாதான்," என்பான் அவள் கணவன் மொத்தாலிப்.

மினு அவர்களுடைய மகள். நான்கு வயதில் காய்ச்சலில் போனாள். போய்ப் பதினாறு வருஷம் ஆன பிறகும் அவனுக்கு இவள் மினு மா, இவளுக்கு அவன் மினு பாப். அந்தக் குழந்தையின் பெயரை அவர்கள் வேறு எந்த விதத்திலும் சொன்னதில்லை.

சந்தேகம் குல்நாஹாருக்குப் பிறவிக் குணம் அல்ல. பதினொரு வயதில், மேக்னா ஆற்றங்கரையில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நூலிழை மாதிரி ஒரு வெடிப்பைப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் சொன்னாள். "வெயிலுக்கு மண்ணு வெடிக்காதா? போய் வேலையப் பாரு," என்றார் அவர். மூன்றாம் நாள் காலையில் கூண்டும் கோழிகளும் சமையல் கொட்டகையும் ஆற்றுக்குள் இருந்தன. பிறகு இரண்டு இடங்களில் வீடு கட்டினார்கள். இரண்டையும் ஆறு எடுத்துக்கொண்டது. அதன் பிறகு யாராவது "கவலைப்படாதே" என்று சொன்னால்தான் அவளுக்குக் கவலை ஆரம்பித்தது.

மொத்தாலிப் ஹாத்தெம் மஹாஜனின் ஆலையில் உமி உலை போடுகிறவன். நெல் அவிக்கும் கொப்பரைக்கு அடியில் இருபது வருஷம் உமியைத் தள்ளித் தள்ளி, நெஞ்சுக்குள் புகை ஏறிப்போயிற்று. கடைசியில் பத்தடி நடந்தால் உட்கார வேண்டியதாயிற்று. களத்தின் ஓரமாகத் தகரக் கூரை போட்ட வரிசை அறைகள் இருந்தன. களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அறை. மொத்தாலிப் படுத்த பிறகு அந்த அறை குல்நாஹாரின் கைகளில் நின்றது. நல்ல செங்கல் தரை, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. அவனுக்கு மூச்சு விட அந்தக் காற்றும் காய்ந்த தரையும் வேண்டும். வேறு எங்கே போனாலும் மண் தரை, மூங்கில் தட்டி, ஈரம். அவள் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்: அறை போனால் அவன் போவான்.

களத்து வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், மழைக்காலம் எப்படிப்பட்டது என்று. கூலி நாளைக்கு அல்ல, ஈட்டுக்கு. ஒரு ஈடு நெல் அவிந்து, விரிந்து, காய்ந்து, மூட்டையில் ஏறினால்தான் கூலியும் அதோடு சேர்ந்த நொய்யரிசியும். வெயில் காலத்தில் ஒரு ஈட்டுக்கு இரண்டு நாள். ஆஷாட மாதத்திலும் ஸ்ராபண் மாதத்திலும் ஒரு ஈடு ஆறு நாள் ஏழு நாள் இழுக்கும். வானம் கறுத்தால் குவித்து மூங்கில் தொப்பியால் மூடு, வெளுத்தால் திற. பாதி நெல் புளித்துப் பூசணம் பிடித்துப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் குடித்தனக்காரன் வந்தான்.

ஆலைக்கு மேற்கே ஒட்டினாற்போல் இருந்த மேட்டில், எரிவாயுவில் ஓடும் ஒரு மின்நிலையத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாட்டில் கரண்டுக்குப் பஞ்சம். புதிதாகக் கட்ட வருஷங்கள் ஆகும். அதனால் ஒரு கம்பெனியிடமிருந்து எந்திரங்களை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கப்பலில் ஏற்றுகிற பெட்டி போல எட்டு இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எஞ்சின். எல்லாம் மூன்றே மாதத்தில் முடிந்தது. வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம். குடிவந்தவன் வாடகை கொடுப்பான், ஊருக்கு ஏதாவது வரும் என்று காத்திருந்தார்கள். வாடகை அவனுக்குத்தான் போகிறது, அதுவும் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஓடத் தயாராக நிற்பதற்காகவே மாதாமாதம் போகிறது என்று தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

"குடியிருக்கிறவனுக்கு வீட்டுக்காரன் வாடகை குடுக்கிற கூத்தை எங்கயாவது கேட்டிருக்கியா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அதற்குள் கரண்டு பில் இரண்டு தடவை ஏறியிருந்தது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. மின்நிலையம் என்று யாரும் சொல்லவில்லை. குடித்தனக்காரன்தான்.

எட்டுப் பெட்டிகளும் தங்கள் முதுகைக் களத்தின் பக்கம் காட்டி நின்றன. இடையில் வெறும் கம்பிவலை. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் பெரிய பெரிய விசிறிகள், எஞ்சினின் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. முதல் மாதம் அந்தச் சத்தத்தில் யாரும் தூங்கவில்லை. தகரக் கூரை நடுங்கியது. சண்டை போடுவதற்குக்கூட அறைக்குள் போய்த்தான் போட வேண்டியிருந்தது. வேலியோரமிருந்த பலாமரம் ஒரு பக்கமாகக் காய்ந்துபோயிற்று. ஆனால் அந்த வருஷ ஆஷாடத்தில், மொய்னா என்ற இளம்பெண், புளிக்கத் தொடங்கியிருந்த ஒரு கூடை நெல்லைக் கம்பிவலையோரம் கொட்டிப் பார்த்தாள். மதியத்துக்குள் பதமாகிவிட்டது.

அதற்குப் பிறகு சொல்ல வேண்டுமா? எட்டுப் பெட்டிக்கு எட்டுப் பெண்கள். கம்பெனிக்காரர்கள் முதலில் விரட்டினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு அடுப்பு. ஒன்றாம் நம்பர் அடுப்பு ஷேஃபாலியினுடையது, மூன்று மொய்னாவினுடையது, ஆறு குல்நாஹாருடையது. மாமியார் வீட்டில் மருமகள்கள் அடுப்பைப் பிரித்துக்கொள்வதுபோல் பிரித்துக்கொண்டார்கள். எல்லாப் பெட்டியும் எல்லா நாளும் ஓடாது. எரிவாயு குறைந்தால் நாலு ஓடும், மூன்று ஓடும். எது ஓடினாலும் அதன் சொந்தக்காரிக்கு யோகம். அடுத்த நாள் இன்னொருத்திக்கு. முறை வைத்து ஓட்டுகிறார்கள் என்று நம்பினார்கள்.

முதல் மழைக்காலம் அப்படிப் போயிற்று. இரண்டாவதில் ஆறாம் நம்பர் அணைந்தது.

முதலில் நாலு நாள். பிறகு பத்து நாள். பிறகு மழைக்காலமே முடிந்தது. வெயில் வந்ததும் யாருக்கும் அடுப்பு தேவைப்படவில்லை, அவளும் மறந்தாள். மூன்றாவது ஆஷாடம் வந்தபோது ஐந்து சுட்டது, ஏழு சுட்டது, நடுவில் ஆறு மட்டும் குளிர்ந்து கிடந்தது. குல்நாஹார் தன் ஈரத் துண்டைக் கம்பிவலையில் கட்டிப் பார்த்தாள். மூன்று நாள் கழித்துத் துண்டில் பூசணம் வாசம் வந்தது.

அவள் கண் மொய்னாமேல் போயிற்று. மூன்றாம் நம்பர் கிட்டத்தட்ட எல்லா நாளும் ஓடியது. மின்நிலையத்தின் மேஸ்திரி இத்ரிஸ் உள்ளூர்க்காரன். மொய்னா அவனுக்குக் கருவாட்டுத் துவையல் கொடுத்ததை இவளே கண்ணால் பார்த்திருந்தாள்.

"என்னடி குடுக்கிறே அவனுக்கு?" என்று ஒருநாள் களத்தின் நடுவிலேயே கேட்டுவிட்டாள்.

"யாருக்கு புபு?" மொய்னா எல்லாரையும்போல் அவளை அக்கா முறையில் புபு என்றுதான் கூப்பிடுவாள்.

"புபுவாம் புபு! என் அடுப்புத் தணலை எடுத்து உன் அடுப்புல போட்டுக்கிட்டு எனக்குப் புபு முறை வேறயா?"

"கருவாட்டுத் துவையலுக்கு எஞ்சின் ஓடும்னா நான் எதுக்கு மழையில நெல்லு கிண்டறேன்? கவர்மெண்டுக்கே துவையல் அரைச்சுப் போட்டுப் பங்களா கட்டியிருக்க மாட்டேனா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். குல்நாஹார் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மொய்னாவோடு பேச்சு நின்றது. தண்ணீர் எடுக்கும் குழாயடியில் மொய்னா இருந்தால் இவள் குடத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள்.

அறைக்குள் மொத்தாலிப் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். விசிறி நின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மின்சாரம் தயாராகிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் கரண்டு இல்லை. அவன் விரலை மேலே காட்டினான்.

"விளக்குக்கு அடியில இருட்டுன்னு சும்மாவா சொன்னான்? பாவம், அந்தப் பொண்ணை எதுக்குத் திட்டறே?"

"உங்களுக்கு எல்லாரும் பாவம்."

"எஞ்சின் கெட்டுப்போயிருக்கும், மினு மா. நானும் நெருப்போட இருந்தவன். கெட்டுப்போகாத உலை உண்டா?"

"கெட்டுப்போச்சுன்னா சரி பண்ண ஆள் வரணும். பெட்டியத் திறந்து நான் ஒரு நாள்கூடப் பார்க்கல. முதுகுல ஒரு ஸ்பேனர் சத்தம் கேக்கல. வேணும்னே அணைச்சு வச்சிருக்கான்."

மொத்தாலிப் இருமினான். அவள் ஓலை விசிறியை எடுத்துக்கொண்டாள். இருமல் அடங்கிய பிறகும் வீசிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் ஹாத்தெம் மஹாஜன் களத்துக்கு வந்தார். மற்றவர்கள் மூன்று ஈடு முடித்திருந்தார்கள். குல்நாஹாரின் முதல் ஈடே தொப்பிக்கு அடியில் புளித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டினார்.

"மொத்தாலிப்பு உழைச்ச ஆளு, அதனால இத்தனை நாள் பேசல," என்றார். "ஸ்ராபண் மாசக் கடைசிக்குள்ள நீ மத்தவங்களோட சேர்ந்து வரலைன்னா, அறைக்கு வேற ஜோடியைக் கொண்டாருவேன். அவங்க ரெண்டு பேரும் வேலை செய்வாங்க. நீயே யோசி, நான் என்ன தர்மசத்திரமா நடத்தறேன்?"

அவள் தலையிலிருந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இருபத்தாறு நாள் இருந்தது.

ஐந்தாம் நாள், வாடகை எந்திரங்களைச் சரிபார்க்க டாக்காவிலிருந்து மின்வாரியக் குழு ஒன்று வந்தது. முன்னாலேயே இத்ரிஸ் களத்துக்கு வந்து, அன்றைக்கு ஒருத்தரும் வேலியோரம் நெல் விரிக்கக் கூடாது, அந்தப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். குல்நாஹாருக்கு அது போதும். வராதே என்று சொன்ன இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வேலியோரமாகவே நின்றாள்.

எந்திரச் சத்தத்தில் போன் பேச முடியாமல், குழுவில் ஒருவர் பின்பக்கமாக வந்தார். வெள்ளைத் தலை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. லுத்ஃபர் சாஹிப் என்று இத்ரிஸ் கூப்பிட்டதை அவள் கேட்டிருந்தாள். அவர் போனைப் பையில் போட்டதும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"சார்! ஆறாம் நம்பர் அடுப்பை எப்பப் பத்தவைப்பீங்க?"

"எந்த அடுப்பும்மா? இங்க சமையல்கட்டு கிடையாதே."

"இதோ, இது. அஞ்சு எரியுது, ஏழு எரியுது. என்னுது மட்டும் எரியல. ஏழைன்னா முறை கிடையாதா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகுதான் வேலியோரம் சிதறிக் கிடந்த நெல்மணிகளைப் பார்த்தார். மெல்ல அவருக்கு விளங்கியது, சிரித்துவிட்டார்.

"ஓஹோ! இதுல நெல்லு காயவைக்கிறீங்களா? அம்மா, ஆறு நல்லாத்தான் இருக்கு. ஓட்டணும்னா அஞ்சு நிமிஷத்துல ஓட்டிருவாங்க. இப்பதான் கண்ட்ரோல் ரூம்ல பார்த்துட்டு வர்றேன். பச்சை விளக்கு எரியுது."

"பச்சை விளக்கு எரிஞ்சா நெல்லு காயுமா?"

"தேவைப்படும்போது ஓட்டுவாங்கம்மா."

"ஒரு வருஷமாத் தேவைப்படலையா? போன மாசம் ஒரு நாள் மத்த ஏழும் ஓடுச்சே. அன்னிக்கும் இது மட்டும் படுத்திருந்துச்சே!"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "ஒரு வருஷமாவா? ஒரு தடவைகூட ஓடலையா?"

"கைய வச்சுப் பாருங்க சார். நான் சொல்றதை நம்பாதீங்க. கைய வையுங்க."

அவர் ஐந்தாம் பெட்டியின் முன் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆறாம் பெட்டிக்குப் போனார். விசிறியின் இறக்கைக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சிறிய நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். பெட்டியின் மூலையில் இத்ரிஸ் நின்றுகொண்டிருந்தான். அவன் எப்போது வந்தான் என்று குல்நாஹாருக்குத் தெரியாது. ஆனால் மொய்னாவுக்குச் சாதகம் செய்கிறவனுடைய முகம் அல்ல அது என்று மட்டும் அப்போது தெரிந்தது. அது பயந்த முகம்.

ஆறாம் பெட்டியை ஓட்டிக் காட்டச் சொன்னாராம். எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்கிறோம், இன்றைக்கு முடியாது என்றார்களாம். சரி, ஐந்து நாளில் வருகிறேன் என்று போய்விட்டார்.

அடுத்த நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு இத்ரிஸ் வந்தான். வேலியின் சிறிய கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"வாங்க சாச்சி. உங்க அடுப்பைப் பார்க்கணும்னீங்களே."

"தனியாவா? எதுக்கு?"

"கூட யாரை வேணா கூட்டிட்டு வாங்க. ஆனா பார்த்ததை வெளிய சொல்லாத ஆளா கூட்டிட்டு வாங்க."

அப்படி ஒரு ஆள் அவளுக்குத் தெரியாது. தனியாகவே போனாள், கையில் நெல் தள்ளும் பலகையோடு. அவன் ஆறாம் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தான். உள்ளே எஞ்சின் இல்லை. எஞ்சின் இருந்த இடத்தில் நாலு மூலையிலும் துருப்பிடித்த நட்டுகள், நடுவில் உலர்ந்துபோன எண்ணெய்க் கறை, ஒரு காலி சிமெண்ட் சாக்கு. பச்சை விளக்கின் ஒயர் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் யாரோ அணைத்துவைத்த நெருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போச்சு?"

"கம்பெனிக்கு வேற நாட்டுல அவசரமா ஒண்ணு தேவைப்பட்டுச்சாம். தூக்கிட்டுப் போயிட்டாங்க. திருப்பிக் கொண்டாந்துருவோம்னாங்க. நான் கூலிக்கு இருக்கறவன் சாச்சி, நான் என்ன கேக்க முடியும்?"

"இதுக்கும் வாடகை வாங்கறாங்களா?"

"தயாரா நிக்குதுன்னு எழுதிக் குடுத்தா வரும்."

"காலிப் பெட்டிக்கா!"

"மெதுவா பேசுங்க." அவன் கதவைச் சாத்தினான். "பாருங்க, எஞ்சின் இல்லைங்கிறதை இனிமே மறைக்க முடியாது. போன வாரம்தான் ரிப்பேருக்கு அனுப்பினோம்னு சொல்லப் போறாங்க. அந்தப் பெரியவர் பேப்பரை நம்ப மாட்டார், உங்களையெல்லாம் கேப்பார். எப்பலேர்ந்து சுடலைன்னு. போன வாரத்திலேர்ந்துன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மஹாஜன்கிட்டயும் பேசியாச்சு. நாளைலேர்ந்து அஞ்சாம் நம்பர்ல நீங்க விரிக்கலாம். அறை உங்களுக்குத்தான். கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க. அவள் பலகையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

மொத்தாலிப்பிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"அப்ப மொய்னா ஒண்ணும் பண்ணல," என்றான் கடைசியில்.

"அதையா கேட்டேன்? என்ன சொல்லட்டும்?"

"நான் எத்தனை நாள் இருப்பேன்னு வச்சுக் கணக்குப் போடாதே. மனசுல என்ன படுதோ அதைச் சொல்லு."

"என் மனசுல என்ன படுதுன்னு சொல்லட்டுமா? எஞ்சினே இல்லாத பெட்டியக் காட்டி ஒரு வருஷமா ஊரை ஏமாத்தினவன், அஞ்சாம் நம்பரைக் காட்டி என்னை ஏமாத்த மாட்டானா? இன்னிக்கி பொய் சொல்லவச்சிட்டு, நாளைக்கு அந்தப் பொய்யக் காட்டியே துரத்துவான்."

"அப்ப சொல்லிரு."

"சொன்னா இன்னிக்கே துரத்துவாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. "எந்தப் பக்கம் திரும்பினாலும் உனக்குக் குழி தெரியுது. ஆத்தங்கரையில பொறந்தவளாச்சே."

லுத்ஃபர் சாஹிப் சொன்ன நாளில் வந்தார். மேசை நாற்காலி எதுவும் கேட்கவில்லை. களத்தின் ஓரத்தில் நின்றபடியே ஒவ்வொருத்தியாகக் கேட்டார். மஹாஜன் குடைபிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஷேஃபாலி, "போன வாரத்திலேர்ந்துதான் சார்," என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். எட்டுப் பேருக்கும் அடுப்பு வேண்டும். குடித்தனக்காரனை மூட்டை கட்டி அனுப்பிவிட்டால் அடுத்த ஆஷாடத்தில் எல்லாருடைய நெல்லும் புளிக்கும். அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மொய்னா மட்டும், "நான் மூணாம் நம்பர் சார், ஆறைப் பத்தி ஆறோட ஆளைக் கேளுங்க," என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் குல்நாஹாரிடம் திரும்பினார். "நீங்க அன்னிக்கி ஒரு வருஷம்னீங்க. கோபத்துல சொன்னீங்களா?"

"கோபமும் இருந்துச்சு சார்."

"கடைசியா எப்ப சூடா இருந்துச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மஹாஜனின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறை வாசலில் மொத்தாலிப் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எத்தனையோ நாள் கழித்து அவன் எழுந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"போன வருஷம் ஷப்-எ-பராத் ராத்திரி," என்றாள். "அன்னிக்கி சாயங்காலம் சூடு இருந்துச்சு. எல்லாரும் பள்ளிவாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கிட்டு இருந்தோம். நடுவுல கிரேன் வச்ச லாரி ஒண்ணு வந்துச்சு. வராததெல்லாம் வருதேன்னு நான் பார்த்தேன். அன்னிக்கி இத்ரிஸ் பாய் எல்லா அறைக்கும் ஹல்வா குடுத்தனுப்பினாரு. எதுக்கு இந்தத் தாராளம்னு நான் சாப்பிடல. மறுநாளிலேர்ந்து பெட்டி சூடாகல."

யாரோ ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். லுத்ஃபர் சாஹிப் தேதியை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். "உங்க பேரை எழுதட்டுமாம்மா?"

"எழுதாம விட்டா மட்டும் யாருக்கும் தெரியாதா சார்?"

டாக்காவில் பிறகு என்ன நடந்தது என்று நோயாஹாட்டியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்பெனி அபராதம் கட்டியது என்றார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். களத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாம் நாள் மஹாஜன் ஆள் அனுப்பினார். ஸ்ராபண் முடிய இன்னும் ஏழு நாள் இருந்தது. குல்நாஹார் அந்த ஏழு நாளைக் கேட்கவில்லை.

இரண்டு மூட்டை, ஒரு தகரப் பெட்டி, சுவரில் மாட்டியிருந்த ஓலை விசிறி. மொத்தாலிப்பைப் படகில் உட்காரவைத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணல்திட்டில் இருந்த அவள் தம்பி வீட்டுக்குப் போனார்கள். மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தட்டி கட்டி ஒரு இடம் கொடுத்தான். மண் தரை. அவள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கைப் பரப்பி, அதன்மேல் பாயைப் பரப்பினாள். மூன்றையும் தாண்டி ஈரம் வந்தது.

அவன் கார்த்திக் மாதத்தில் போனான். பனி இறங்க ஆரம்பித்த நாட்கள். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை; அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். போன பிறகும் அவள் அவன் மூக்குக்கு எதிரே ஒரு இறகைப் பிடித்துப் பார்த்தாள். தம்பி, "போதும் புபு," என்று சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு நாலு பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்தாவதாக, கூப்பிடாமல், மொய்னா வந்தாள். சேறு அப்பிய காலைக் கழுவிவிட்டு, மூட்டையிலிருந்து இரண்டு படி அரிசியை எடுத்து வைத்தாள். சமையலுக்கு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். எல்லாரும் சாப்பிட்டுப் போகும்வரை பரிமாறினாள்.

"ஆறாம் நம்பர்ல எஞ்சின் கொண்டாந்து வச்சுட்டாங்க புபு," என்றாள் பிறகு. "பட்டப்பகல்ல. மௌலவி வந்து துஆ ஓதி, ஊருக்கே ஜிலேபி."

"யார் விரிக்கிறா அங்க?"

மொய்னா தலையைக் குனிந்தாள். "மூணாம் நம்பரைப் புது ஜோடிக்குக் குடுத்துட்டாங்க. என்னை ஆறுக்குப் போடின்னாங்க."

குல்நாஹார் அவளையே பார்த்தாள். பிறகு, சாவு விழுந்த வீட்டில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும், சிரித்துவிட்டாள். "கடைசியில என் அடுப்பு உங்கிட்டத்தான் வந்துச்சு. நான் அன்னிக்கே சொன்னேன், நீ நம்பல."

"நீ சொன்னதனாலதான் வந்துச்சு," என்றாள் மொய்னா, பாதி கோபத்தோடு. "எரிஞ்சா தேவலையே! மூணே நாள் எரிஞ்சுச்சு. மத்த நாளெல்லாம் சும்மா உக்காந்திருக்கு. கேஸ் இல்லையாம். வாடகை மட்டும் ஓடிக்கிட்டு இருக்காம்."

கொஞ்ச நேரம் கழித்து, "மஹாஜன் களத்துல ரெண்டு பேர் வேலையை விட்டு நின்னுட்டாங்க," என்றாள். "புது ஜோடி வேற அறைக்குப் போயிட்டாங்க, உன் அறை காலியாத்தான் இருக்கு. கேட்டா தருவார்னு தோணுது. வாயேன் புபு."

"யாரு அனுப்பிச்சா உன்னை?"

"யாரும் அனுப்பல."

"மஹாஜனா? இல்ல அந்த இத்ரிஸா? திரும்ப யாராவது விசாரிக்க வர்றாங்களா? நான் ஏதாவது மாத்திச் சொல்லணுமா?"

"அல்லா! படகுக்கூலி நான் குடுத்து வந்திருக்கேன். நாற்பதாம் நாளாச்சேன்னு வந்தேன்."

குல்நாஹார் எச்சில் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "அறை அவருக்காகத்தான் கேட்டேன்," என்றாள். "எனக்கு எதுக்கு?"

மொய்னா வெயில் சாய்வதற்குள் கிளம்பினாள். குல்நாஹார் படகு வரை போனாள். போய்விட்டு வா என்று சொல்லவில்லை. படகு நகர்ந்த பிறகும் கரையிலேயே நின்றாள்.

எதிர்க்கரையில் இரண்டு துறைகள் உண்டு. மேற்கே இருப்பது மஹாஜனின் துறை. அவர் வேலையாகப் போய் வருகிறவர்களுக்கு அங்கே இறங்கக் கூலி இல்லை. கிழக்கே இருப்பது பஜார் துறை. அங்கே இறங்கினால் காசும் கொடுக்க வேண்டும், களத்துக்கு அரை மைல் நடக்கவும் வேண்டும். படகு ஆற்றின் நடுவில் நீரோட்டத்தில் மேற்கே இழுபட்டது. அவள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டாள். படகுக்காரன் துடுப்பை மாற்றிப் போட்டான். மெல்ல மெல்லக் கிழக்கே திரும்பி, பஜார் துறையில் போய் நின்றது. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு மொய்னா இறங்கி, கூட்டத்துக்குள் நடந்து மறையும்வரை குல்நாஹார் பார்த்துக்கொண்டிருந்தாள்.